முதல் ஸ்வாப் என்னுடையது

காலை ஆறரை மணிக்கு வார்டு வாசலில் ஒரு சின்ன மேசையைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். மேசைமேல் பஞ்சுக்குச்சி அடைத்த டியூப்கள், ஸ்டெரைல் சலைன், மார்க்கர் பேனா, எண் எழுதிய ஸ்டிக்கர்கள். ஏழு மணி ட்யூட்டிக்கு வருகிறவர்கள் நோயாளி பக்கம் போவதற்கு முன்னால் என்னிடம் வந்து மூக்கைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். “ட்யூட்டி முடிஞ்சு மத்தியானம் தரேனே சிஸ்டர், இப்ப அவசரமா இருக்கு” என்று சிலர் கேட்பார்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏழு மணி நேரம் வார்டுக்குள் நின்றவரின் மூக்கில் வார்டு கொடுத்ததும் ஒட்டியிருக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கி எழுவதற்குள் அது போயேவிடலாம். அவரிடமே குடியிருக்கும் கிருமி எது என்று தெரிய வேண்டுமானால், வீட்டிலிருந்து நேராக வந்த மூக்கு வேண்டும்.

நான் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர். ஆஸ்பத்திரிப் பேச்சில் ஐ.சி.என். பதினோரு வருடம் பிரசவ வார்டிலும் தியேட்டரிலும் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தேன். ஒரே பாக்டீரியா நோயாளிகளை அடுத்தடுத்துத் தாக்கும்போது அது வந்த வழியைத் தேடுவது என் வேலை. அந்தத் தேடலில் சில சமயம், கூட வேலை பார்ப்பவர்களின் மூக்கையும் தொண்டையையும் தோலையும் பார்க்க வேண்டிவரும். ஒரு காலத்தில் நான் ஸ்வாப் டிரேயோடு காரிடாரில் நடந்தால் பேச்சு நின்றுவிடும். அந்த அமைதி உண்டானதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நான் ஐ.சி.என். ஆன முதல் வருடம். சிசேரியன் ஆன தாய்மார்கள் நான்கு பேருக்குப் பத்து நாளுக்குள் தையல் பழுத்தது. சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினோம். நான்கிலும் எம்.ஆர்.எஸ்.ஏ. வளர்ந்தது. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அந்த மருந்து 1959-இல் புழக்கத்துக்கு வந்தது. 1961-இலேயே இங்கிலாந்தில் அதை மீறும் கிருமியைக் கண்டுவிட்டார்கள். அன்றிலிருந்து உலகத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கும் அது புதியதில்லை. எங்களுக்கு அந்தப் பத்து நாள் புதிது. பிறந்த குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தையல் பிரிந்த வயிற்றோடு பால் கொடுக்க முடியாமல் அழுத ஒரு பெண்ணின் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

மேலிடத்திலிருந்து ஒரு வரி உத்தரவு வந்தது: “எல்லாருக்கும் ஸ்வாப் எடுத்திடுங்க.” எல்லாரும் என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை. நானே பட்டியல் போட்டேன். ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், தியேட்டர் அசிஸ்டென்ட்கள், பயிற்சிக்கு வந்த மாணவிகள். டாக்டர்களின் பெயர் அதில் இல்லை. அவர்களை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை. என் பேனா தானாகவே விட்டுவிட்டது. என் பெயரும் அதில் இல்லை.

அறுபதுக்கும் மேற்பட்ட ஸ்வாப்கள் ஒரே நாளில் லேபுக்குப் போயின. நோயாளிகளின் கல்ச்சர்கள் இன்குபேட்டரில் இடம் இல்லாமல் காத்துக் கிடந்தன. மறுநாள் பிளேட்களைத் திறந்தால் மூன்றில் ஒன்றில் ஸ்டெஃபைலோகாக்கஸ். பொன் நிறத்தில் பொட்டுப் பொட்டாகக் காலனிகள். ஆரியஸ் என்றாலே லத்தீனில் பொன் நிறம் என்றுதான் பொருள். எனக்கு வயிறு கலங்கியது. மைக்ரோபயாலஜி டாக்டர் அமைதியாகச் சொன்னார்: “ஆரோக்கியமா இருக்கிற ஜனங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மூக்குல இது இருக்கும் சிஸ்டர். தெருவுல போறவங்களைக் கூப்பிட்டு எடுத்தாலும் இதேதான் வரும். நீங்க தேடுறது இதை இல்ல.”

தேடியது ஒரே ஒரு பிளேட்டில் இருந்தது. ஓர் ஆயாம்மாவின் மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒப்பந்த வேலை பார்த்தவர். அன்று மாலைக்குள் சேதி ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் அவர் என்னைத் தேடி வந்தார். “மூக்குல கிருமி இருக்காம், இனிமே வர வேண்டாம்னுட்டாங்க சிஸ்டர். என்ன கிருமி அது?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்ல ஆயாம்மா, மருந்து போட்டா போயிடும்” என்றேன். மருந்தை யாரும் எழுதித் தரவில்லை. முப்பிரோசின் களிம்பை ஐந்து நாள் இரண்டு மூக்கிலும் தடவி, குளோர்ஹெக்சிடின் போட்டுக் குளித்து, சில நாள் விட்டு மறுபடியும் ஸ்வாப் எடுத்துப் பார்த்தால் வேலை முடிந்தது. அதில் ஒன்றுகூட அவருக்கு நடக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரமே இன்னும் இரண்டு தாய்மார்களுக்குத் தையல் பழுத்தது.

அதற்குப் பிறகுதான் ட்யூட்டி ரோஸ்டரைக் கையில் எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டியது. ஆறு தாய்மார்களின் ஆபரேஷன் தேதி, டிரெஸ்ஸிங் மாற்றிய தேதி, படுக்கை எண் எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதி, மறுபக்கம் யார் எந்த நாள் எங்கே இருந்தார்கள் என்று எழுதிப் பார்த்தேன். அந்த ஆயாம்மா அந்த மாதம் முழுவதும் கர்ப்பிணிகள் செக்கப்புக்கு வரும் ஓ.பி.யில் இருந்தார். தியேட்டர் பக்கமோ சிசேரியன் வார்டுப் பக்கமோ அவர் போகவே இல்லை. அவருடைய கிருமிக்கும் தாய்மார்களின் கிருமிக்கும் எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்ற பட்டியல்கூட முழுதாக ஒத்துப்போகவில்லை. அந்தத் தாள் என் மேசையிலேயேதான் கிடந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது காலை டிரெஸ்ஸிங் ரவுண்ட். ஒரே டிரே, ஒரே ஆன்டிசெப்டிக் கிண்ணம், அவசரத்தில் மாற்றாமல் போன கையுறை, ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கழுவாமல் போன கை. ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனி டிரெஸ்ஸிங் பாக்கெட் கட்டினோம். ஒவ்வொரு கட்டில் காலிலும் ஹேண்ட் ரப் பாட்டில் மாட்டினோம். சீழ் வைத்திருந்தவர்களின் டிரெஸ்ஸிங்கைக் கடைசியில் செய்தோம். அதற்குப் பிறகு ஒரு தையலும் பழுக்கவில்லை. அந்த ஆயாம்மாவைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று கடிதம் எழுதினேன். ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார் என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் போராடவில்லை. போராடியிருக்க வேண்டும்.

ஆயாம்மாவை அப்படி அனுப்பியதன் விலையை நோயாளிகளும் கொடுத்தார்கள் என்பது ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது. வேலையை விட்டுப் போகும்போது ஒரு ஸ்டாஃப் நர்ஸ் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். குழந்தைகள் வார்டில் இருந்தபோது அவளுக்குக் கட்டைவிரலில் நகச்சுத்தி வந்து சீழ் கோத்திருந்திருக்கிறது. இரண்டு வாரம் கையுறைக்குள் மறைத்து வேலை பார்த்திருக்கிறாள். அந்த இரண்டு வாரத்தில்தான் அங்கே குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் வந்து, காரணம் புரியாமல் நான் அலைந்துகொண்டிருந்தேன். “சொன்னா ஆயாம்மாவை அனுப்பின மாதிரி என்னையும் அனுப்பிடுவீங்கன்னு பயந்தேன் சிஸ்டர்” என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன தகுதி இருக்கிறது? பயத்தைக் கற்றுக்கொடுத்தது நான்.

அவள் அப்படிச் சொன்ன பிறகு இந்தத் தொழிலின் பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் மனதைப் பிடித்தவர் அலெக்ஸாண்டர் கார்டன். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து டாக்டர். அங்கே பிள்ளை பெற்ற பெண்கள் ஜன்னி கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். கிருமி என்றால் என்னவென்று உலகத்துக்குத் தெரியாத காலம். அவர் ஒரு பட்டியல் போட்டார்: நோய் கண்ட பெண் யார், பிரசவம் பார்த்தது யார். 1795-இல் அதை நூலாக வெளியிட்டார். நோயை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவது பிரசவம் பார்க்கிறவர்களே என்று அந்தப் பட்டியல் காட்டியது. அப்படிக் கொண்டுபோனவர்களில் தானும் ஒருவன் என்று அவர் எழுதினார். வியன்னாவில் செம்மல்வைஸ் குளோரின் நீரில் கை கழுவச் சொன்னது 1847-இல். அதற்கு அரை நூற்றாண்டு முந்தையது இது. ஆனால் கார்டன் மருத்துவச்சிகளின் பெயரையும் அச்சிட்டுவிட்டார். ஊர் அவர்மேல் திரும்பியது. அவர் ஊரை விட்டுக் கடற்படைக்குப் போனார். 1799-இல் இறந்துபோனார்.

பட்டியலில் தன் பெயரையும் சேர்த்தது அவருடைய நேர்மை. மற்றவர்களின் பெயரை ஊருக்குக் காட்டியது அவர் செய்த பிழை என்று எனக்குத் தோன்றியது. இந்த இரண்டு பாடத்தையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு கதை மேரி மல்லனுடையது. நியூயார்க்கில் வீடுகளில் சமையல் வேலை பார்த்த பெண். அவருக்கு ஒரு நோவும் இல்லை. உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது. 1907-இல் பிடித்துத் தீவு ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். இனிச் சமைக்க மாட்டேன் என்று உறுதி வாங்கிக்கொண்டு 1910-இல் விட்டார்கள். சமையலில் கிடைத்த சம்பளம் வேறு வேலையில் கிடைக்கவில்லை. 1915-இல் அதே நகரத்து மகப்பேறு ஆஸ்பத்திரியில் டைபாய்டு பரவி 25 பேர் படுத்தார்கள், 2 பேர் இறந்தார்கள். தேடிப் போனால் அடுப்படியில் வேறு பெயரில் நின்றது மேரி. மறுபடி தீவுக்கு அனுப்பினார்கள். 1938-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் மேரியைத்தான் திட்டுவார்கள். நான் யோசிப்பது வேறு. கிருமியைக் கண்டுபிடித்தவர்கள், அவர் நாளைக்கு எதைச் சாப்பிடுவார் என்று யோசித்திருந்தால் அந்த ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு அவர் வந்திருப்பாரா?

இன்று எனக்குக் கீழே வருகிற இளம் செவிலியர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம், ஸ்வாப்பைக் கடைசியில் எடு என்பதுதான். முதலில் நோயாளிகளின் பட்டியல். எதை இந்தத் தொற்று என்று கணக்கில் எடுப்போம் என்ற வரையறை. எந்த நாளில் எத்தனை பேர் என்ற படம். பிறகு ரோஸ்டர். கட்டம் போட்ட பெரிய தாளில் நோயாளிகள் ஒரு பக்கம், ஊழியர்கள் ஒரு பக்கம். தொடர்பு இருக்கும் கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்ப வேண்டும். டாக்டர், அனஸ்தீஷியா டாக்டர், ஃபிசியோதெரபிஸ்ட், எக்ஸ்ரே எடுக்க வருகிறவர், ட்ராலி தள்ளுகிறவர் எல்லாருக்கும் ஒரு வரிசை. பாதி நாள் அந்தத் தாளே பதில் சொல்லிவிடும். ஒருவர் மூக்கையும் தொட வேண்டியிருக்காது.

கிருமியின் குணமும் தெரிய வேண்டும். கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், செர்ரேஷியா போன்றவை வார்டில் பரவினால் மூக்கைப் பார்ப்பது வீண் வேலை. அவை ஈரத்தில் வாழ்பவை. வாஷ்பேசினைப் பார், ஆக்சிஜன் ஹியூமிடிஃபையரில் ஊற்றிய தண்ணீரைப் பார், பலருக்குப் பயன்படுத்தும் மருந்துக் குப்பியைப் பார், கைகளைப் பார். அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தில் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1997, 98-இல் சூடோமோனாஸ் பரவி, தொற்று கண்ட குழந்தைகளில் 16 பேர் இறந்தார்கள். ஆய்வு செய்தவர்கள் செவிலியர்களின் கைகளில் போய் நின்றார்கள். நீளமாக வளர்த்த நகத்துக்கும் ஒட்டிக்கொள்ளும் செயற்கை நகத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம் என்றார்கள். நகம் வெட்டிக்கொண்டு வா என்று நான் பயிற்சி மாணவிகளிடம் சொல்லும்போது அந்த 16 குழந்தைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் மூக்கில் வாழும். ஆனாலும் அது யாரிடம் இருக்கிறது என்று தேடினால் எங்கேயும் கிடைக்கும். நோயாளிகளிடம் ஒரே கிருமிதான் பரவுகிறது என்று தெரிந்து, ரோஸ்டர் சிலரைக் காட்டினால் மட்டும் அவர்களைப் பார்க்க வேண்டும். கிடைத்த கிருமியும் நோயாளியின் கிருமியும் ஒன்றா என்று வகைப்படுத்திப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. எந்த மருந்துக்கு அடங்கும் என்ற பட்டியல் ஒத்துப்போவதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஒரே யூனிஃபார்ம் போட்டவர்கள் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகளா? முன்பெல்லாம் இதற்காக டெல்லியில் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் உள்ள ஃபேஜ் டைப்பிங் மையத்துக்குக் கிருமியை அனுப்புவார்கள். இப்போது மரபணு முழுவதையும் படித்துவிடும் முறை வந்திருக்கிறது.

அந்த முறையின் அருமையைக் கேம்பிரிட்ஜ் காட்டியது. 2011-இல் அங்கே பச்சிளம் குழந்தைகள் பிரிவில் எம்.ஆர்.எஸ்.ஏ. பரவியது. கிருமி இருந்த குழந்தைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிரிவை ஆழமாகக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். 64 நாள் கழித்து ஒரு புதுக் குழந்தையிடம் அதே கிருமி வந்தது. நடுவில் எந்தக் குழந்தையிடமும் அது இல்லை. அப்படியானால் அது அந்த 64 நாளும் எங்கேயோ உயிரோடு இருந்திருக்க வேண்டும். அந்த இடைவெளிதான் ஊழியர்களைப் பார்க்கச் சொன்னது. 154 பேரைப் பார்த்தார்கள், ஒருவரிடம் இருந்தது. மரபணுவைப் படித்தபோது அந்தக் குழந்தைகளின் கிருமிக் குடும்பத்தோடு அது சேர்ந்தது. அந்த ஊழியருக்குக் கிருமி நீக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். அவர் யார் என்பது எந்தப் பத்திரிகைக்கும் தெரியாது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் கட்டுரையைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றிலும் தூக்கத்தைக் கெடுப்பது குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கார்டன் காலத்துத் தாய்மார்களைக் கொன்ற ஜன்னியின் முக்கியக் காரணம் இதுதான். பிரசவத்துக்குப் பிறகோ ஆபரேஷனுக்குப் பிறகோ ஒருவருக்கு வந்தாலே விழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கு வந்தால் நம்மில் யாரிடமோ இருக்கிறது என்று தேட ஆரம்பிக்க வேண்டும்.

வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாறிய பிறகு எனக்கு அந்த நாள் வந்தது. ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு தாய்மார்களுக்குக் கடும் காய்ச்சல். ஒருவர் வெண்டிலேட்டர்வரை போய்த் திரும்பினார். இருவர் ரத்தத்திலும் அதே கிருமி. பிளட் அகாரில் ஒவ்வொரு காலனியைச் சுற்றியும் ரத்தம் கரைந்து கண்ணாடிபோல் தெளிந்த வளையம். சிவப்புப் பென்சிலால் கட்டங்களை நிரப்பினேன். இரண்டு பிரசவத்திலும் பொதுவாக இருந்தவர்கள் ஏழு பேர். அதில் டாக்டர்கள் இருந்தார்கள், செவிலியர்கள் இருந்தார்கள், ஆயா இருந்தார்.

ஸ்வாப் டிரேயைத் தொடுவதற்கு முன் மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் அறைக்குப் போனேன். ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கிருமி யாரிடம் இருந்தாலும் சம்பளம் பிடிக்கக் கூடாது, ஒப்பந்த ஊழியருக்கும் இது பொருந்தும். வேலை போகாது. சிகிச்சைச் செலவு ஆஸ்பத்திரியுடையது. பெயர் மூன்று பேருக்கு மேல் தெரியாது. சூப்பரின்டென்டென்ட் இரண்டு தடவை படித்துவிட்டு, “ஒப்பந்தக்காரங்களுக்குமா?” என்று கேட்டார். “அவங்களுக்குத்தான் சார் முதல்ல” என்றேன். கையெழுத்துப் போட்டார். ஏழு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து அந்தத் தாளை வாசித்துக் காட்டினேன்.

அடுத்ததுதான் கடினம். இந்தக் கிருமி தொண்டையில் இருக்கலாம், மூக்கில் இருக்கலாம், தோல் புண்ணில் இருக்கலாம். ஆசனவாயிலும் பிறப்புறுப்பிலும் இருந்து பரவியதும் உண்டு. தலைத்தோலில்கூட இருக்கலாம், 1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 40 மாதத்தில் 20 நோயாளிகளின் ஆபரேஷன் காயத்தில் பரவிய கிருமி, ஒரு தியேட்டர் ஊழியரின் தலைத்தோலில் குடியிருந்தது. தொண்டையை மட்டும் பார்த்து நிறுத்தினால் பாதி வேலைதான் செய்ததாகும். ஆனால் இந்த இடங்களிலிருந்தெல்லாம் ஸ்வாப் கொடு என்று, தினமும் முகம் பார்த்துப் பேசும் ஒருவரிடம் எப்படிக் கேட்பது? நிச்சயதார்த்தம் முடிந்திருந்த ஓர் இளம் செவிலியர் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, “இது வெளியே தெரிஞ்சா என்னை என்ன நினைப்பாங்க சிஸ்டர்?” என்று கண் கலங்கினாள். “இது ஒழுக்கத்தைச் சொல்ற டெஸ்ட் இல்லம்மா. தொண்டையில இருக்கிறதுதான் அங்கேயும் இருக்கு. யாருக்கு வேணாலும் இருக்கும்” என்றேன்.

உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையை ஒதுக்கினோம். எப்படி எடுப்பது என்று படம் வரைந்த தாளும் ஸ்வாப்களும் அங்கே வைத்தோம். அவரவரே எடுத்து, எண் ஒட்டிய உறையில் போட்டுவிட்டு வர வேண்டும். எந்த எண் யாருடையது என்ற சீட்டு என் பீரோவில் பூட்டியிருந்தது. லேபுக்கு எண் மட்டும் போனது. அந்த எண்களில் எட்டாவதாக ஒன்றும் இருந்தது. வார்டுக்குள் போய் வருகிறவள் என்பதால் அது என்னுடையது. அந்த அறைக்குள் முதலில் போய் வந்ததும் நான்தான். நான் வெளியே வந்ததும், ஏழு பேரில் மூத்த டாக்டர் எழுந்து ஒன்றும் பேசாமல் உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் ஆயா போனார்.

ஓர் உறையில் கிருமி இருந்தது. வகைப்படுத்தும் ஆய்வு தாய்மார்களின் கிருமியும் அதுவும் ஒன்று என்றது. அது யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். டாக்டரா, நர்ஸா, ஆயாவா என்றும் சொல்ல மாட்டேன். அது எந்த இடத்து ஸ்வாப் என்பதும் என்னோடு இருக்கட்டும். நோயாளிகளைப் பார்ப்பதிலிருந்து விலகி நின்று ஆன்டிபயாடிக் முழுவதும் சாப்பிட்டார். வீட்டில் இருந்தவர்களையும் பரிசோதித்தோம். வீட்டில் ஒருவர் தொண்டையில் கிருமி இருந்தால் அது சுற்றிச் சுற்றி அவரிடமே திரும்பிவிடும். திரும்பத் திரும்ப எடுத்த கல்ச்சர்களில் ஒன்றும் வளரவில்லை என்று உறுதியான பிறகு வேலைக்குத் திரும்பினார். லீவில் போய்விட்டு வந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். இன்றும் வேலை பார்க்கிறார். மூன்றாவதாக ஒரு தாய்க்கு அந்தக் காய்ச்சல் வரவில்லை.

முதல் ஸ்வாப் என்னுடையது என்ற வழக்கம் அப்போது ஆரம்பித்தது. அதன் கனம் எனக்குப் புரிந்தது சில வருடம் கழித்து, பச்சிளம் குழந்தைகள் பிரிவில் எம்.ஆர்.எஸ்.ஏ. தேடியபோது. முதல் நாள் பிளேட்டைப் பார்த்த டெக்னீஷியன் எனக்கு ஃபோன் செய்தார்: “சிஸ்டர், ஒண்ணாம் நம்பர்ல ஸ்டெஃப் வளர்ந்திருக்கு. ரெசிஸ்டன்ஸ் நாளைக்குத்தான் தெரியும்.” ஒன்றாம் எண் நான். அன்று மாலை வீட்டில் அக்காவின் பேத்தி கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். குளிக்கணும் என்று சொல்லி அறைக்குள் போய்விட்டேன். ராத்திரி என் தலையணை உறையைத் தனியாகத் துவைத்தேன். மூன்றில் ஒருவருக்கு இருக்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் நான். அந்த ராத்திரி அந்தக் கணக்கு எனக்கு ஆறுதல் தரவில்லை. மறுநாள் பதில் வந்தது: சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ், மருந்துக்கு அடங்குவது, குழந்தைகளின் கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம் ஓ.பி. வரிசையில் அந்த ஆயாம்மாவைப் பார்த்தேன். மகளுக்குச் சர்க்கரை, கூட வந்திருந்தார். பக்கத்தில் நான்கு வயதுப் பேரன். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். சிரித்த உடனே முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். பேரன் மடியில் ஏறப் போனபோது கையால் மெதுவாகத் தள்ளி மகள் பக்கம் அனுப்பினார். “ஏன் ஆயாம்மா, சளியா?” என்று கேட்டேன்.

“எனக்குத்தான் மூக்குல அது இருக்கே சிஸ்டர். புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்றது.”

பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் ஒரு ராத்திரி பேத்தியைத் தூக்காமல் இருந்தேன். அவர் பன்னிரண்டு வருடமாக ஒரு குழந்தையையும் முகத்தோடு சேர்த்து வைத்ததில்லை. அவருக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை “மருந்து போட்டா போயிடும்” என்பது. மருந்து யாரும் கொடுக்கவில்லை, அதனால் போகவில்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார். அவர் நினைத்ததில் என்ன தவறு?

அவரை என் அறைக்குக் கூட்டிப்போனேன். அன்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்தத் தாய்மார்களுக்கு அவரால் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். ரோஸ்டரைப் பார்க்காமல் அவரைப் போகவிட்டது என் தவறு என்றும் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, “இப்ப எடுத்துப் பாருங்க” என்றார். மருத்துவப்படி அதற்கு அவசியம் இல்லை. எடுத்தேன். முதலில் என் மூக்கில் ஒன்று, பிறகு அவர் மூக்கில் ஒன்று.

ரிசல்ட்டை ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து தாளை வாசித்துக் காட்டினேன். அவருடைய மூக்கில் அந்தக் கிருமி இல்லை. எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. வேலையை விட்ட மாதமேகூடப் போயிருக்கலாம்.

தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “உங்களுக்கு என்ன வந்துச்சு சிஸ்டர்?” என்று கேட்டார்.

“எனக்கு இருக்கு ஆயாம்மா. சாதாக் கிருமிதான். மூணுல ஒருத்தருக்கு இருக்கும்.”

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் வாசலில் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டிருந்தான். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்குக் காப்பி போட உள்ளே போனார்.